கடைசி நடை மண்

12.5.2025
காளிங்கன் கொட்டாய், சூளகிரி பக்கம்

தங்கச்சி சாந்தம்மாவுக்கு,

அண்ணன் திம்மராயன் சொல்லச் சொல்ல, பக்கத்து ரூமில் குடியிருக்கும் பொற்கொடி எழுதுகிறாள். திருமங்கலத்துப் பக்கத்துப் பெண். ஓசூரில் கம்பெனி வேலை. நான் பேசுவதைப் புத்தகத் தமிழாக மாற்றித்தான் எழுதுவாளாம். "தாத்தா, நீங்க பேசுறத அப்படியே எழுதுனா உங்க தங்கச்சிக்கே வெளங்காது" என்கிறாள். நான் பேசி என் தங்கச்சிக்கு விளங்காமல் போனதே இல்லை என்றேன். கேட்கவில்லை.

வண்டி நல்லபடியாக வந்து சேர்ந்தது. மகன் விமல்ராஜ் நிதானமாகத்தான் ஓட்டினான். காவேரிப்பட்டணத்தில் ஒரு டீ, கிருஷ்ணகிரி தாண்டி ஒரு டீ. லாரியெல்லாம் உரசுகிற மாதிரி போவதைப் பார்த்து, "இறங்கி பஸ்ல வாப்பா" என்றான். உன் வீட்டுக்காரர் பெருமாள் ஆசையாக வாங்கிய டிராக்டர். அதன் மட்கார்டில் உட்கார இடம் இருக்கும்போது நான் எதற்குப் பஸ்ஸில் வர வேண்டும்?

போன் போடாமல் கடுதாசி போடுகிறானே என்று நினைக்காதே. கிரஷரில் கல் உடைத்த காலத்திலேயே என் காது போனது உனக்குத் தெரியும். போனில் உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. நான் "ஆங், ஆங்" என்பேன். கடுதாசி என்றால் பொற்கொடி என் காதோரம் உட்கார்ந்து கத்திப் படிப்பாள். அவள் கத்துவது குழாயடி வரைக்கும் கேட்கும். அதனால் வீட்டு ரகசியம் எதுவும் எழுதாதே.

போன திங்கட்கிழமை முதல் நடை கருங்கல் ஏற்றினோம். உன் அண்ணி காளியம்மாள் வண்டிக்கு மஞ்சள் பூசி வேப்பிலை கட்டினாள். நம் ஆட்களின் வழக்கம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு முதல் நடை கல் இழுத்த வண்டியேதான் கடைசி நடை மண்ணும் இழுக்க வேண்டும். நடுவில் வண்டி மாறினால் வீடு நிற்காது. கட்டை வண்டிக்கு இருந்த முறைதானே டிராக்டருக்கும் என்றேன். மேஸ்திரி சிரித்தான். சிரிக்கட்டும். வாடகை வண்டி என்றால் பாதியில் வேறு வேலைக்கு ஓடிவிடுவான். அதற்குப் பயந்துதான் உன் வாசலில் வந்து நின்றேன்.

பாரூர் ஏரி மதகு திறப்பதற்குள் வண்டி உன் வீட்டில் நிற்கும். இது அண்ணன் வாக்கு. வாழ்நாள் முழுக்க அடுத்தவன் கொட்டகையில் படுத்தவன், இந்த வயசில் சொந்தக் கூரை போடுகிறேன். தை மாதம் பால் காய்ச்சும்போது விளக்கை ஏந்திக்கொண்டு நீதான் முதலில் வாசப்படி மிதிக்க வேண்டும். கூடப் பிறந்தவள் மிதிக்காத வீட்டில் எனக்குத் தூக்கம் வராது.

உன் அண்ணன்,
திம்மராயன்

*

2.6.2025
பாரூர்

அண்ணா,

உன் கடிதம் வந்தது. நானே படித்தேன். அறிவொளியில் படித்த எழுத்து இன்னும் மறக்கவில்லை. எழுதத்தான் கை வலிக்கிறது. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

வண்டி காலையில் முதல் தடவை பிடிக்காது. ஒரு தடவை உறுமிவிட்டு நிற்கும். திட்டக் கூடாது. அவர் அதைத் தட்டிக்கொடுப்பார். விமலிடம் சொல். சிமெண்டுத் தண்ணீர் மேலே படாமல் பார்த்துக்கொள்.

சென்னகிருஷ்ணன் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் கம்பெனிக்குப் போய்விட்டான். மாம்பழம் முடிகிற வரைக்கும் என் மகன் எனக்கு இல்லை. அங்கேயே தின்று அங்கேயே தூங்குகிறான். வண்டியைக் கேட்டு வர எனக்கு ஆள் கிடையாது. நீயாகத்தான் அனுப்ப வேண்டும்.

கொஞ்ச நாளில் நாற்று விடப் போகிறேன். தண்ணீர் விட்டால் இங்கே எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வயலைச் சேறு கலக்கிச் சேடை ஓட்ட வேண்டும். அந்த வாரம் யாரிடமும் டிராக்டர் கேட்க முடியாது. நாற்று முற்றிவிட்டால் நட்டும் பிரயோஜனம் இல்லை. இதை மட்டும் மறக்காதே.

வீட்டு வாசலை எந்தப் பக்கம் வைக்கிறாய்? கிழக்கே வை. உனக்கு வெயில் வேண்டும்.

தங்கச்சி,
சாந்தம்மா

*

24.6.2025
காளிங்கன் கொட்டாய்

தங்கச்சிக்கு,

கிழக்கு வாசல்தான். நீ சொன்னாய் என்று மேஸ்திரியிடம் சொல்லி நூல் பிடித்தாகிவிட்டது.

கொஞ்சம் தாமதம் ஆகிறது. கோபித்துக்கொள்ளாதே. கடைக்கால் தோண்டும்போது நடு அறைக்குக் கீழே பாறை ஒன்று வந்தது. எருமை படுத்திருப்பது போல. வெடி வைத்தால் பக்கத்து வீடு தாங்காது. சங்கிலி கட்டி டிராக்டரால் இழுத்தோம். முன் சக்கரம் ஒரு சாண் தூக்கியது. விமலின் முகம் வெளுத்துவிட்டது. இரண்டாம் இழுப்பில் பாறை புரண்டு வந்தது பார், ஊரே நின்று பார்த்தது.

இப்போது பேஸ்மட்டம் எழும்பிவிட்டது. மேற்குப் பக்கம் மட்டும் மேஸ்திரி கட்டாமல் விட்டிருக்கிறான், டிராக்டர் உள்ளே ஏறி இறங்குவதற்கு. கிராவல் மண்ணைக் கொட்டி, தண்ணீர் விட்டு, அதன்மேல் வண்டியை முன்னும் பின்னும் ஓட்டினால் மண் இறுகுகிறது. பத்து ஆள் திமுசு போட்டாலும் அப்படி இறுகாது. விமலுக்கு ஷிப்டு இல்லாத நாளில்தான் வேலை நடக்கிறது. அதுதான் தாமதம்.

ஒன்று சொல்ல வேண்டும். நேற்று மண் ஏற்றி வரும்போது கடைக்காரன் கன்னடத்தில் கூப்பிட்டான். "ஏனு தாத்தா, டிராக்டர் தகொண்ட்யா?" டிராக்டர் வாங்கிவிட்டாயா என்கிறான். நான் சிரித்தேன். கொஞ்ச தூரம் போனால் பண்ணை வீட்டு மகன் நிற்கிறான். அவன் அப்பனுக்கு நான் ஏர் ஓட்டினேன். நேற்று வரைக்கும் எனக்கு "ஏய் திம்மா"தான். நேற்று அவன் சொன்னது, "திம்மராயப்பா, எனக்கும் ரெண்டு நடை மண்ணு அடிச்சிக் குடுப்பா." அப்பா என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்தது. காளியம்மாளிடம் சொன்னதற்கு, "மட்கார்டுல ஒக்காந்தா மவராசன் ஆயிடுவியா, எறங்கி வந்து சாணி அள்ளு" என்றாள்.

இன்னும் சில நடைதான். முடிந்ததும் வண்டி வரும்.

அண்ணன்,
திம்மராயன்

*

2.7.2025
பாரூர்

அண்ணா,

வருகிற வாரம் மதகு திறக்கிறார்கள். உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். என் நாற்று பச்சைப் பசேல் என்று நிற்கிறது. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

விமலுக்குப் போன் போட்டேன். "ஷிப்டுல இருக்கேன் அத்தே, அப்பாகிட்ட கேட்டுக்கோ" என்று வைத்துவிட்டான். உன்னிடம் கேட்க வேண்டுமானால் தபால் பெட்டிக்குத்தான் நடக்க வேண்டும். நடந்தேன். என் கால் தெரியும் அல்லவா உனக்கு.

மீதி மண்ணை அறுப்புக்குப் பிறகு வந்து அடித்துக்கொள். வண்டி எங்கேயும் ஓடிவிடாது. இப்போது அனுப்பு.

சாந்தம்மா

*

7.7.2025
காளிங்கன் கொட்டாய்

தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். என்ன செய்வது, வண்டி கிளட்ச் போய்விட்டது. மெக்கானிக் வந்து பிரித்துப் பார்த்தான். பிளேட் தேய்ந்து போயிருக்கிறதாம். ஓசூரில் தேடினால் இல்லை. பெங்களூரிலிருந்து வர வேண்டுமாம். அந்தக் கடைக்காரன் ஊருக்குப் போயிருக்கிறானாம். வண்டியைத் தென்னை மரத்தடியில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

நீ ஒன்றும் கவலைப்படாதே. தண்ணீர் எப்படியும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஒரு வாரம் முன்னே பின்னே ஆனால் நாற்று ஒன்றும் ஆகாது.

அண்ணன்,
திம்மராயன்

*

17.7.2025
பாரூர்

திம்மராயன் அவர்களுக்கு,

பொற்கொடி, நீ யார் என்று எனக்குத் தெரியாது. நல்ல பெண்ணாக இருப்பாய். இந்தக் கடிதத்தை உன் தாத்தா காதில் கத்திப் படி. குழாயடிக்குக் கேட்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வண்டி தேடிப் போனேன். கரை மேலேயே ஒவ்வொரு வீடாகப் போனேன். "ஒன் வண்டி எங்கே" என்று எல்லோரும் கேட்டார்கள். அண்ணன் வீட்டில் கிளட்ச் போய் நிற்கிறது, பெங்களூரிலிருந்து சாமான் வர வேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னேன். பாவம் என்று ஒருத்தர், சேடை முடிந்ததும் கடைசியில் வந்து ஓட்டித் தருகிறேன் என்றார்.

அன்று சாயங்காலமே சென்னகிருஷ்ணன் கம்பெனியிலிருந்து போன் போட்டான். உங்கள் மகன் போனில் ஒரு படம் போட்டிருக்கிறானாம். நம் டிராக்டர். பின்னால் லோடு நிறைய மண். மட்கார்டில் நீங்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். முந்தின நாள் போட்டதாம். இவன் என்னிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். இங்கே இருக்கும் பையன்களுக்கும் அனுப்பிவிட்டான், "பாருங்கடா எங்க மாமன் வண்டியில கிளட்ச் இல்லாமலே மண்ணு ஓட்டறாரு" என்று.

கடைசியில் வருகிறேன் என்றவர், காலையில் என் வாசலில் நின்று, "ஏம்மா சாந்தம்மா, நானு ஒன்ன நம்பினேனே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் பொய் சொன்னது உங்களோடு. அதை என் வாயால் ஊர் முழுக்கச் சொல்ல வைத்தீர்கள். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிய பிறகு இந்த ஊரில் எனக்கு இருந்தது ஒரு சொல்தான். சாந்தம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்பார்கள். இனி சொல்ல மாட்டார்கள்.

நான்கு பெண்களைக் கூலிக்குப் பிடித்து மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு விளக்கு ஏந்த வேறு ஆளைப் பாருங்கள்.

இப்படிக்கு,
பாரூர் சாந்தம்மா

*

25.7.2025
பாரூர்

திம்மராயன் அவர்களுக்கு,

டிராக்டர் வந்துவிட்டது. கொண்டு வந்தவர்தான் வீட்டுக்கு வரவில்லை.

மதகுப் பக்கத்து டீக்கடைக்காரர் சாவியைக் கொடுத்தார். கிழவர் ஒருத்தரும் பையன் ஒருத்தனும் வந்தார்களாம். பையன் வீடு வரைக்கும் ஓட்டிப் போக வேண்டும் என்றானாம். கிழவர் கையைப் பிடித்து நிறுத்தினாராம். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கரை மேல் ரொம்ப நேரம் உட்கார்ந்து என் வயலையே பார்த்தாராம். டீயும் வேண்டாம் என்றாராம். பிறகு பஸ் ஏறிவிட்டார்கள்.

வயலில் நான் இருந்தேன். காலை இழுத்துக்கொண்டு வரப்புக்கும் வரப்புக்கும் நடந்துகொண்டிருந்தேன். நீங்கள் பார்த்தீர்கள். கூப்பிடவில்லை.

வண்டியைக் கழுவியிருக்கிறீர்கள். ஆயில் மாற்றியிருக்கிறீர்கள். நன்றாக ஓடுகிறது. ஓடி என்ன? கீழ்ப்பாதியைக் கொத்தி நட்டுவிட்டோம். மேல்பாதிக்கு வைத்த நாற்று முற்றிக் கணு விட்டுவிட்டது. பிடுங்கி மாட்டுக்குப் போட்டேன். மேல்பாதி சும்மா கிடக்கிறது.

சாந்தம்மா

*

3.8.2025
காளிங்கன் கொட்டாய்

சாந்தம்மா,

தங்கச்சி என்று சொல்ல வாய் வரவில்லை. நீ மறுபடி அண்ணா என்று எழுதினால் சொல்கிறேன்.

குழாயடிக்குக் கேட்க வேண்டும் என்று நீ எழுதிய கடிதத்தைப் பொற்கொடி முதலில் தனக்குள் படித்தாள். "தாத்தா, இது இங்க வேணாம். பாறைப் பக்கம் போயிப் படிப்போம்" என்றாள். என் தங்கச்சி எங்கே படிக்கச் சொல்லியிருக்கிறாளோ அங்கேயே படி என்றேன். படித்தாள். யாருடைய குடமோ நிறைந்து வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை. காளியம்மாள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ராத்திரி சோறு போடும்போதுதான் பேசினாள். "இன்னாத்துக்கு இந்த வூடு?" என்றாள். நாலு திட்டு திட்டியிருந்தால் சோறு இறங்கியிருக்கும்.

கிளட்ச் கதையை எழுதச் சொன்னபோதே பொற்கொடி பேனாவை நிறுத்திவிட்டு, சந்தில் நின்ற டிராக்டரைத் திரும்பிப் பார்த்தாள். "எழுதும்மா, அது எங்க அண்ணன் தங்கச்சி விசயம்" என்றேன். எழுதினாள். அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அவளை விட்டால் எனக்குக் கை இல்லை.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அதை நான் சொல்லாவிட்டால் யாரும் சொல்லப் போவதில்லை. அந்தப் படத்தில் வண்டி நிற்பது என் பேஸ்மட்டத்தில் இல்லை. பண்ணை வீட்டு முற்றத்தில். மதகு திறந்த வாரம் உன் வண்டி என் வீட்டுக்குக் கூட ஓடவில்லை. அந்த மகனுக்கு மண் அடித்தது. இரண்டு நடை என்றான். அடித்ததும், "திம்மராயப்பா, அந்த மூலைக்கும்" என்றான். அந்த மூலைக்கும் அடித்தோம். சாணி வாரிய முற்றத்தில் டிராக்டரோடு போய் இறங்கினேன். நாற்காலி போட்டான். எனக்கு வேறு எதுவும் நினைவில் இல்லை சாந்தம்மா. உன் நாற்றும் இல்லை, மதகும் இல்லை. முதல் நடை, கடைசி நடை என்று உன்னிடம் சொன்ன வழக்கம் பொய் இல்லை. ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு நான் பிடித்து வைத்திருந்தது அந்த மட்கார்டைத்தான்.

விமலைக் குறை சொல்லாதே. "அத்தே பாவம்பா, கொண்டு போயி விட்டுடலாம்" என்று இரண்டு தடவை சொன்னான். நான்தான் உனக்கு என்னடா தெரியும் என்றேன்.

பாரூருக்கு வந்தபோது உன் வாசல் வரைக்கும் வரத்தான் நினைத்தேன். கரை ஏறினதும் நீ தெரிந்தாய். சேற்றில் ஒரு காலை ஊன்றி, மறு காலை இழுத்துக்கொண்டு நடக்கிறாயே, அந்த நடையை நான் எத்தனை கூட்டத்திலும் கண்டுபிடிப்பேன். அந்தக் கால் போனது அப்பா கட்டிய வீட்டில். வண்டிக்காரன் பாதியில் விட்டுப் போனான். கடைசி மண்ணை அப்பா தலையில் சுமந்தார். ஐப்பசி மழையில் சுவர் சரிந்தது. உனக்கு மேலே. அதனால்தான் எனக்கு அந்தப் பயம். அந்தக் காலுக்குப் பயந்து இரவல் வாங்கிய வண்டியால் அதே காலைச் சேற்றில் இறக்கினேன். இதைத் தெரிந்துகொண்டு எப்படிக் கூப்பிடுவது? எந்தக் குரலில் கூப்பிடுவது?

இப்போது வீடு அப்படியே நிற்கிறது. டிராக்டர் ஏறுவதற்கு விட்ட மேற்குப் பக்கம் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. நடு அறையில் ஒரு மூலைக்கு மண் போதவில்லை. "வேற டிராக்டரைக் கூப்புட்டா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிது" என்கிறான் விமல். மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விட்டான். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முடியாமலே கிடக்கட்டும்.

திம்மராயன்

*

22.8.2025
பாரூர்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு தடவை அடுப்பில் போடப் பார்த்தேன். போடவில்லை.

அப்பா வீடு விழுந்தது வண்டி மாறியதால் இல்லை. குடியிருந்த இடத்திலிருந்து துரத்தினார்கள் என்று, ஈரம் காய்வதற்குள் கூரை ஏற்றினார். அவசரம். அவ்வளவுதான். கால் என்னுடையது. எனக்குத் தெரியாதா? சுவர் விழுந்தபோது நீ பயந்து கத்தினாய். அம்மா உன்னைத்தான் முதலில் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கிறவர் அதையும் எழுதியிருக்கலாம்.

பண்ணை வீட்டு விஷயத்தை நீயாகச் சொன்னாய். சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. நானும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன். நாற்காலி போட்டானாமே. உட்கார்ந்தாயா? அதை எழுதவில்லையே.

மாம்பழம் முடிந்து சென்னகிருஷ்ணன் வந்துவிட்டான். படத்தை ஊருக்கு அனுப்பியதற்கு அவனை நன்றாகத் திட்டியிருக்கிறேன். "மாமன் செஞ்சது தப்பில்லையா" என்கிறான். தப்புதான், ஆனால் மானம் போனது உன் அம்மாவுக்கல்லவா என்றேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை அவன் வண்டியை ஓட்டி வருவான். அரை லோடு மண் ஏற்றிவிடுகிறேன். நடாமல் கிடக்கிற மேல்பாதி வயல் மண். அதைக் கொட்டி உன் மூலையை மூடிக்கொள். பண்ணை வீட்டு முற்றத்துக்கு எத்தனை நடையோ. உன் வீட்டுக்கு அரை நடை.

ரோட்டில் யாராவது மறித்து, மண்ணை எங்கே கடத்துகிறாய் என்று கேட்டால், மாமன் வீட்டுக்குச் சீர் கொண்டு போகிறேன் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

வண்டியை அன்றே திருப்பி அனுப்பு. கிளட்ச் நன்றாக இருக்கிறது.

சாந்தம்மா

*

12.9.2025
காளிங்கன் கொட்டாய்

சாந்தம்மாவுக்கு,

உட்கார்ந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். காப்பியும் குடித்தேன்.

மண் வந்தது. சென்னகிருஷ்ணன் இறங்கினதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. காளியம்மாள் சோறு போட்டாள், சாப்பிட்டான். அப்புறம்தான், "மாமா, எங்க கொட்டறது?" என்றான். மாமா என்றானே, அது போதும்.

மேஸ்திரியைக் கூட்டி வந்திருந்தோம். உன் மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்துவிட்டு உதறினான். "இது வயக்காட்டுக் களி. காஞ்சா இறங்கும், தளம் வெடிச்சிடும். கிராவல் போடுங்க" என்றான். வெடிக்கட்டும் என்றேன். எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து மறுபடியும் கத்திச் சொன்னான். நானும் மறுபடியும் சொன்னேன்.

கொட்டி முடிந்ததும் வழக்கப்படி வண்டி வீட்டை ஒரு சுற்று வர வேண்டும். "ஏறி ஒக்காருங்க மாமா" என்றான் உன் மகன். நான் ஏறவில்லை. வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தேன். கூட்டம் கூடிவிட்டது. கடைக்காரன் மறுபடியும் கேட்டான், "தாத்தா, நின் டிராக்டர் மறுபடி வந்துச்சா?" என் தங்கச்சி வண்டி என்றேன். பாரூர் சாந்தம்மா வண்டி, வீடு கட்டக் கேட்டு வாங்கி வந்து, பொய் சொல்லிப் பிடித்து வைத்திருந்தேன், அவள் வயல் தரிசாகப் போனது என்றேன். எனக்குத்தான் என் குரல் கேட்காதே, எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ தெரியாது. பண்ணை வீட்டு மகனும் நின்றான். அவன் திரும்பிப் போனதை மட்டும் பார்த்தேன். மறுநாள் ரோட்டில் "ஏய் திம்மா" என்றான். திரும்பிப் பார்த்தேன். பழைய பெயர்தானே.

வண்டியை அன்றே அனுப்பிவிட்டேன். மேற்குப் பக்கத்து வாயைக் கட்டி மூடியாகிவிட்டது.

இப்போது ஒரு சங்கடம். தளம் போடுவதற்குள் ஒரு வாரம் மழை பிடித்துக்கொண்டது. நேற்று காலையில் போய்ப் பார்த்தேன். நடு அறை மூலையில் உன் மண் மேல் பச்சையாக இருந்தது. கிட்டே போய்க் குனிந்தேன். நெல். போன போகத்தில் உதிர்ந்தது போல. விரல் உயரத்துக்கு வளர்ந்து, நாலு சுவருக்கு நடுவில் நிற்கிறது. வெளியே வந்துவிட்டேன். மறுபடியும் போய்ப் பார்த்தேன். காளியம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மேஸ்திரி கல்லும் சிமெண்டும் கொண்டு வந்து வைத்துவிட்டான். "தாத்தா, நாளைக்கு மிதிச்சிட்டுத் தளம் போட்டுடலாம்" என்கிறான். உன் வயலில் நிற்க வேண்டியது என் வீட்டுக்குள் நிற்கிறது. அதன் மேல் மிதிக்க எனக்குக் கால் எழவில்லை. என்ன செய்யட்டும் என்று நீதான் சொல்ல வேண்டும். நீ சொல்கிற வரைக்கும் மேஸ்திரியை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

தையில் பால் காய்ச்சுவது பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கும் இடத்தில் நான் இல்லை.

திம்மராயன்

*

24.9.2025
பாரூர்

அண்ணா,

மேஸ்திரியை எதற்கு நிறுத்தி வைத்தாய்? அவனுக்கும் பிழைப்பு இருக்கிறது அல்லவா.

முளைத்ததைப் பிடுங்கி மாட்டுக்குப் போடு. இங்கே நான் போட்டது அத்தனை, அங்கே அந்தக் கைப்பிடிக்காக நீ நிற்கிறாய். நெல்லுக்கு வீட்டுக்குள் வேலை இல்லை. தளம் போடு. மேஸ்திரி சொல்கிற மாதிரி வெடித்தால் வெடிக்கட்டும். வெடித்த இடத்தைப் பூசாதே.

கீழ்ப்பாதிப் பயிர் நன்றாக இருக்கிறது. இப்போது பூ வாங்குகிறது. அறுத்துக் காய வைத்துக் குத்தினால்தான் எனக்குக் கை ஒழியும். தைக்குள் ஆகிவிடும். பால் பொங்கியதும் அதில் போடுவதற்கு ஒரு படி அரிசி கொண்டு வருகிறேன். அதற்கு மேல் இந்த வருஷம் எதிர்பார்க்காதே.

விளக்கும் நான் கொண்டு வருகிறேன். நீ வாங்கி வைக்காதே. நீ வாங்குவது எதுவும் எனக்குப் பிடிக்காது.

வாசலில் வந்து நின்று கூப்பிடுவேன். கரை மேல் நீ எனக்குச் செய்த மாதிரி செய்யாதே. காதில் விழவில்லை என்றும் சொல்லாதே. நீயே வந்து கதவைத் திற.

உன் தங்கச்சி,
சாந்தம்மா

பொற்கொடி, போன தடவை எங்கே நின்று படித்தாயோ அங்கேயே நின்று இதையும் படி. அதே சத்தத்தில் படி.